சாவி எடுத்த பிறகும்

சாவியை உருவி, கதவைப் பூட்டி, மாடிப்படி ஏறி, வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகும் கீழே வண்டி உறுமிக்கொண்டே இருந்தது.

யசுனோரி முதலில் கவலைப்படவில்லை. டர்போ வண்டியை ஓட்டிவந்த சூட்டோடு அணைத்தால் டர்போ வெந்துபோகும் என்று, சாவி எடுத்த பின்னும் ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுத் தானாக அணைக்கும் டைமர் ஒன்றைப் பழைய சொந்தக்காரர் மாட்டிவைத்திருந்தார். பால்கனியில் நின்று அந்த ஒரு நிமிடத்தை ரசிப்பதற்காகவே அவன் சிகரெட் பற்றவைப்பான். ஆனால் அன்று சிகரெட் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. இன்ஜின் நிற்கவில்லை. இறங்கிப் போய்க் கதவில் கை வைத்தான். நாம் உள்ளே நுழைந்ததும் நம்மைப் பற்றிய பேச்சு நிற்குமே, அப்படிச் சட்டென்று நின்றது.

பெண்டாட்டியிடம் அரைப்பொய் சொல்லி வாங்கிய பொருள் எந்த ஊரில்தான் சொன்னபடி கேட்டிருக்கிறது? ஜப்பானிய மலையூர் நுமாத்தாவில் மட்டும் கேட்குமா? சிகுசாவுக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது, "குழந்தை வரப்போகுது, பெரிய வண்டி வேணும்" என்று ஆரம்பித்தவன் யசுனோரிதான். பெரிய வண்டி என்றால் நீளமான வேகன். தொட்டில் வைக்கலாம், தள்ளுவண்டி வைக்கலாம், பின்சீட்டை மடித்தால் ஆளே படுக்கலாம். இதெல்லாம் சொன்னான். வேகம் கூட்டும் டர்போவைப் பற்றி மூச்சு விடவில்லை. வண்டி வாசலுக்கு வந்ததும் அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன யாசு, மூணு மிதி இருக்கு? இந்தக் காலத்துல யாரு கையால கியர் போடறா?"

"பனியில வழுக்காது. பாதுகாப்பு."

"யாருக்கு?"

அவன் பானெட்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

வாங்கும்போது வாய் வலிக்கக் கேட்டவன்தான். டர்போ எண்ணெய் குடிக்கிறதா, கிளட்ச் பிடிக்கிறதா, மூன்றாம் கியர் முரண்டு செய்கிறதா, அடியில் துரு இருக்கிறதா. கடைசியாக, "மோதின வண்டியா?" என்றான். "ஒரு கீறல் கிடையாதுங்க" என்றார் விற்றவர். அதில் பொய்யே இல்லை. பழைய வண்டி வியாபாரத்தில் மோதியிருந்தால் சொல்லியாக வேண்டும். வண்டிக்குள் என்ன நடந்தது என்பது மோதலில் சேராது. இப்படிப்பட்ட வண்டி இத்தனை நாள் ஏன் யாரும் தொடாமல் நின்றது என்று மட்டும் அவன் கேட்கவில்லை. ஆசை வந்தவனுக்கு அந்தக் கேள்வி வராது.

பட்டறைக்காரர் நெசுவிடம் கொண்டுபோனான். வண்டியைத் தாழ்த்த வேண்டும், பின்னால் முஷ்டி நுழைகிற அகலத்தில் சைலன்சர் மாட்ட வேண்டும். வேலை பாதியில் நெசு அவனைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"செகிகுச்சி, இங்க வா. இதைப் பாரு."

டிக்கிக் கதவின் உட்பக்கம். பூட்டைச் சுற்றி பிளாஸ்டிக் முழுக்கக் கோடுகள், நாலு நாலாக, ஒன்றன்மேல் ஒன்றாக.

"நாய் வளர்த்திருப்பாங்க" என்றான் யசுனோரி.

"நாயா? இவ்ளோ பெரிய விரல் இருக்கற நாய் நான் பார்த்ததில்ல. இந்தக் கதவை உள்ளேருந்து திறக்கப் பிடி கிடையாது, தெரியுமில்ல?" நெசு பின்தளத்து விரிப்பைத் தடவினார். ஒரு ஆள் நீளத்துக்கு அது அமுங்கிப் போயிருந்தது. "எவனோ இதுலயே படுத்துத் தூங்கியிருக்கான். பனிக்காலத்துல ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கிடுவானுங்க. வெளிய பனி கொட்டி, புகைக்குழாயை மூடி, விஷப்புகை உள்ள ஏறிடும். அப்புறம் பார்த்தா, கன்னம் செவந்து, தூங்கற மாதிரியே கிடப்பானுங்க..." கையைத் துணியில் துடைத்தார். "டைமரைக் கழட்டிடவா?"

"வேண்டாங்க. டர்போ வெந்துடும்."

"உள்ள வேற யாரும் வேகாம இருந்தா சரி."

யசுனோரி சிரித்துவைத்தான். அந்தக் கோடுகள்மேல் கறுப்புத் துணி ஒட்டச் சொன்னான். அழகாக இருந்தது.

புது சைலன்சரின் சத்தம் தெருவுக்கே கேட்டது. குப்பை போடும் இடத்தில் யார் பையில் என்ன இருக்கிறது என்று அறிந்துவைத்திருக்கும் மோகி அம்மாள் சும்மா இருப்பாரா? குனிந்து வணங்கி, சிரித்த முகத்தோடுதான் கேட்டார்.

"செகிகுச்சி சான், உங்க வண்டி நேத்தும் இருமிக்கிட்டே இருந்துச்சே, பாவம். காசநோயா?"

"மன்னிச்சுக்குங்க. அமைதியாக்கிடறேன்."

"சத்தம்கூடப் பரவால்ல. பூட்டின வண்டியில ஆளை உட்கார வெச்சுட்டுப் போறீங்களே, அதான் நல்லா இல்ல. கண்ணாடி வழியா என்னையே பார்க்கறாரு."

அன்றே அவன் சைலன்சரின் வாய்க்குள் சத்தம் குறைக்கும் குழலைச் செருகித் திருகினான். முஷ்டி நுழைந்த ஓட்டை கட்டைவிரல் நுழையும் அளவானது. மோகி அம்மாள் சொன்ன இரண்டாவது விஷயத்துக்குத் திருக எதுவும் இல்லை.

பனி இறங்கியது. காலையில் மற்ற வண்டிகளின் கண்ணாடியில் வெளியே உறைபனி படிந்திருக்கும். அவன் வண்டியில் உட்பக்கம் ஈரம் படிந்திருக்கும், அதுவும் பின்கண்ணாடியில் மட்டும். துடைப்பான். சிக்னலில் நிற்கும்போது பார்ப்பான். மறுபடி படிந்திருக்கும், வட்டமாக, வாய் வைத்து ஊதியதுபோல. ஹீட்டர் காற்றில் எண்ணெயும் ரப்பரும் கலந்த வழக்கமான வாசனைக்கு அடியில், துவைக்காத போர்வையின் வாடை ஒன்று மெல்ல எழும்பி அவன் பிடரியில் நின்றது.

எப்போதும் கால் சில்லிட்டுக் கிடக்கும் சிகுசாவுக்கோ வண்டி பிடித்துப்போயிற்று.

"நீ பொய் சொல்லி வாங்கினாலும் நல்ல வண்டிதான், யாசு. பின்னாடி படுத்தா, யாரோ இப்பத்தான் எழுந்து போன மாதிரி கதகதப்பா இருக்கு."

 விற்றுவிடுவது என்று அப்போதே முடிவு செய்தான். மலைக்கு அந்தப் பக்கத்து மருத்துவமனையில் அவளுக்குப் பரிசோதனை இருந்தது, போய்வந்ததும் விற்றுவிடலாம். புறப்படுவதற்கு முன் டைமரின் கம்பிகளைத் தன் கையாலேயே பிடுங்கி, அதைத் தூக்கி முன்பெட்டிக்குள் போட்டான். இனி சாவிதான் எசமான்.

குழந்தை நன்றாக இருக்கிறது என்றார் மருத்துவர். திரும்பும்போது கணவாயில் பனி கொட்டத் தொடங்கியது. பொழுது சாயும் நேரம். பின்சீட்டை மடித்துப் போர்வைக்குள் சுருண்டிருந்த சிகுசா, "பசிக்குது. ஏதாவது சூடா" என்றாள். சாலையோர ஓய்விடத்தில் ஒதுக்கினான். சாவியைத் திருப்பினான். இன்ஜின் நின்றது. பனி விழும் ஓசைகூட இல்லாத அமைதி. காத்திருந்தான். நின்றேதான் இருந்தது. அவள் அதற்குள் தூங்கிவிட்டாள். கதவைச் சாத்திவிட்டுக் கடைக்குள் ஓடினான்.

சாற்றில் ஊறிய முள்ளங்கியையும் முட்டையையும் கிண்ணத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரி நிமிர்ந்தாள்.

"அது உங்க வண்டிங்களா? நல்ல சத்தம். ஓட்டறவரைக் கொஞ்சம் அணைக்கச் சொல்லுங்களேன்."

"ஓட்டறவன் நான்தான்."

கையில் சாவி இருந்தது.

கிண்ணம் விழுந்தது. ஓடினான். பனி காலைப் பிடித்து இழுத்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது, சீராக, திருப்தியாக, குறட்டை விடுவதுபோல. கண்ணாடிகள் எல்லாம் உள்ளே வெண்மை பூத்திருந்தன. சாவியைக் கதவில் நுழைத்துத் திருப்பினான். பூட்டுக்குமிழ் எழுந்தது. உடனே அழுந்தியது. திருப்பினான். எழுந்தது. அழுந்தியது. உள்ளேயிருந்து.

"சிகுசா! எழுந்திரு! கதவைத் திற!"

பின்பக்கம் ஓடினான். குழாய்.

அது பனியால் மூடியிருந்தது. தானாக விழுந்த பனி அல்ல. கட்டைவிரல் ஓட்டைக்குள் பனி அடைத்து, மேலே இன்னும் வைத்து, அழுத்தி, தட்டித் தட்டி மெழுகியிருந்தது. உள்ளங்கையின் ரேகைகூடப் பதிந்திருந்தது. தோண்டினான். உறைந்திருந்தது. நகம் பெயர்ந்தது. சாவியால் குத்தினான். சாவி வளைந்தது. குழாய் மூடியும் இன்ஜின் திணறவில்லை.

கண்ணாடியில் முழங்கையால் இடித்தான். உடையவில்லை. டிக்கிக் கதவை இழுத்தான். இடுக்கில் விரல் கொடுத்தான். கீறினான். பூட்டைச் சுற்றி நாலு கோடு. மறுபடி நாலு.

அப்போது பின்கண்ணாடியின் ஈரத்தை உள்ளேயிருந்து ஒரு கை நிதானமாகத் துடைத்தது, அவன் பார்ப்பதற்கு வசதியாக.

சிகுசா அவன் பக்கம் முகம் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் செக்கச் செவேலென்று, இத்தனை நாளில் அவன் பார்த்திராத அழகோடு இருந்தன. அவள் முதுகோடு ஒட்டி, அதே போர்வைக்குள், இன்னொரு ஆள் நீளமாகப் படுத்திருந்தது. துடைத்த கை மெதுவாகத் திரும்பிப் போயிற்று. போர்வையை அவள் கழுத்துவரை இழுத்து விட்டது. ஓரங்களைச் செருகியது. பிறகு அவளுடைய வயிற்றின்மேல் வந்து, உள்ளே இருப்பதைத் தூங்கவைப்பதுபோல, இன்ஜின் ஓடும் தாளத்துக்குத் தட்டத் தொடங்கியது.