மாடிக்குப் போன கேபிள்

"அசையாதீங்க! உங்களைக் கைது பண்ணியாச்சு!"

வீல்ல்ல்...!

வேதா அலறிய அலறலில் ஜன்னல் புறா பறந்தது.

கம்ப்யூட்டர் திரையில் ஓர் அதிகாரி. காக்கிச் சட்டை. கறுப்புக் கண்ணாடி. உதட்டையே மூடிய மீசை!

"ஐயா... நான் என்ன தப்பு பண்ணேன்?"

"உங்க ஆதார்ல போதை பார்சல் போயிருக்கு. கேமராவை விட்டு நகரக்கூடாது. போனைத் தொடக்கூடாது. வீட்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்லீங்க. வீட்டுக்காரரு கீழ்பென்னாத்தூர் போயிருக்காரு..."

"நல்லது. பேங்க் பாஸ்வேர்டைச் சொல்லுங்க!"

நிலம் விற்ற பணம் முழுக்க அந்தக் கணக்கில்தான்!

பகல் பதினொரு மணி. வாசலில் செங்கம் ரோடு ஆட்டோ ஹாரன்களோடு அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சொல்ல வாயெடுத்தாள்...

"ஹலோ! ஹலோ! விட்டு விட்டுக் கேக்குது! உங்க நெட்டை முதல்ல சரி பண்ணுங்க!"

"இதோ ஐயா!"

மோடத்திலிருந்து இரண்டு கேபிள்கள். ஒன்று அவள் கம்ப்யூட்டருக்கு. மற்றது ஜன்னல் வழியாக மாடிக்கு... அங்கே குடியிருக்கும் மணிவேலின் கம்ப்யூட்டருக்கு.

சாதுப் பையன். 'அக்கா'வுக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான். ஆனால் நெட்டை ஜாஸ்தி இழுப்பவன் அவன்தான். தன்னைக் கைது செய்து முடிக்கும்வரை பொறுத்துக்கொள்ளட்டும்!

மாடி கேபிளைப் பிடுங்கினாள்.

அதிகாரி திறந்த வாயோடு உறைந்தார்!

பதறிப்போய்ச் செருகினாள்.

"...எங்க போனீங்க?"

"இங்கதாங்க இருக்கேன்!"

மறுபடி பிடுங்கினாள். மறுபடி உறைந்தார்!

வேதாவின் நெற்றி சுருங்கியது. பிடுங்கியது மாடி கேபிளைத்தானே? இவர் ஏன்...?

மாடிப்படியிலிருந்து ஒரு குரல்.

"அக்கா! நெட்டு போயிடுச்சு... கொஞ்சம் பாக்குறீங்களா?"

நெட் போனால் உடனே அக்காவைக் கூப்பிடும் மணிவேலின் பழக்க தோஷம்!

பயம் போன இடம் தெரியவில்லை. வயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது.

"இதோ பாக்குறேன்பா!"

பூனை நடை நடந்து மாடி ஏறினாள். ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

மணிவேல்! மேலே காக்கிச் சட்டை. கீழே கட்டம்போட்ட லுங்கி. கையில் மீசை!

"அக்கா... இது... நாடகத்துக்கு..."

டக்!

கதவை வெளியே தாழ் போட்டாள்.

"கேமராவை விட்டு நகராதீங்க ஐயா!"

துள்ளிக்கொண்டு இறங்கினாள். நூறை அழுத்த போனை எடுத்தாள்.

அதற்குள் வாசலில் ஜீப் கிறீச்சிட்டது!

'நான் இன்னும் போனே போடலையே...?'

பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"நான் சைபர் க்ரைம் அருணாதேவி. வேதாங்கறது யாரு?"

"நான்தாங்க."

"இந்த வீட்டு நெட்லேர்ந்து பதினோரு பேரை மிரட்டியிருக்காங்க. கனெக்‌ஷன் உங்க பேர்ல இருக்கு. உங்களை அரெஸ்ட் பண்றேன்!"

வேதா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"கியூவுல வாங்க மேடம்! என்னை ஏற்கெனவே அரெஸ்ட் பண்ணவரு மாடியில இருக்காரு... லுங்கியோட!"