நடு அறையிடம் சொன்னவை

கிளியனூரில் அந்த ஓட்டு வீட்டுக்கு அவர்கள் குடிவந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். சித்தார்த்தன் திண்டிவனத்தில் டிராக்டர் மெக்கானிக். அமலா பள்ளி ஆசிரியை. காதல் கல்யாணம் முடிந்து ஏழு மாதம். முன்னறை, சமையலறை, இரண்டுக்கும் இடையே ஜன்னலில்லாத ஒரு நடு அறை. பகலிலும் அங்கே இருட்டுதான். நனைந்த சுண்ணாம்பு வாசனை போகவே இல்லை.

ஒன்பதாம் நாள் சண்டை வந்தது. அவன் தங்கையின் கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயர் இருந்தது, மனைவி பெயர் இல்லை. பார்த்துவிட்டும் அவன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அமலா பேச்சை நிறுத்தினாள்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டால் சிறுமியாக இருந்த இவளிடம்தான் சொல்லி அனுப்புவார்கள். அந்தப் பழக்கம் இவளுக்கும் ஒட்டியிருந்தது. இங்கே நடுவில் ஆளில்லை. அதனால் சமையலறையில் நின்று இருட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"சோறு ஆறுதுன்னு சொல்லு."

முன்னறையிலிருந்து அவனும் இருட்டிடமே சொன்னான்.

"பசிக்கலன்னு சொல்லு."

இரண்டு நாள் இப்படியே போனது. கொஞ்சம் விளையாட்டாகக்கூட இருந்தது.

ஞாயிறு பிற்பகல். சாலையில் பஸ் சத்தம் ஓய்ந்திருந்தது. அமலா மல்லாட்டை உரித்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

முன்னறையில் படுத்திருந்தவன் காதில் மெதுவாக விழுந்தது.

"அவ போறாளாம்."

கம்மிய குரல். அழுத தொண்டை என்று நினைத்துக்கொண்டான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

சமையலறையில் அவளுக்குக் கேட்டது.

"போகட்டுமாம்."

அவள் பையை எடுத்தாள். வாசலில் அவன் மறித்தான்.

"போறேன்னு சொல்ற அளவுக்கு இன்னா ஆயிடுச்சி?"

"நான் எங்க சொன்னேன்? நீங்கதான போகட்டும்னு சொன்னீங்க."

"நான் வாயே தொறக்கல."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நடு அறையில் யாருமில்லை.

சுண்ணாம்பு வாசனை மட்டும் வாசல்வரை வந்திருந்தது.

அவன் அவள் கையைப் பிடித்தான்.

"பத்திரிகையப் பார்த்தேன், அமலா. அம்மாவக் கேக்க பயந்துக்கினு உட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

மறுநாளே காலி செய்தார்கள். வீட்டுக்காரர் துரைக்கண்ணு காரணம் கேட்கவில்லை.

"நீங்க ஜல்தியா கெளம்பிட்டீங்க," என்றார் சாவியை வாங்கிக்கொண்டு. "முன்ன இருந்தவங்க ரெண்டு பேரும் மூணு வருசம் ஒருத்தருக்கொருத்தர் பேசாமலே இருந்தாங்க."

திண்டிவனத்தில் மாடி வீடு கிடைத்தது. எல்லா அறையிலும் ஜன்னல். எதுவானாலும் முகம் பார்த்துப் பேசுவது என்று முடிவு செய்தார்கள். நாலு மாதம் ஒரு மனத்தாங்கலும் இல்லை.

ஒரு மாலை, தோசை தின்றுகொண்டிருந்தபோது, அவன் அந்தப் பத்திரிகையைப் பற்றி மறுபடி மன்னிப்புக் கேட்டான். அவள் சிரித்தாள்.

"அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேங்க."

பக்கத்து அறையிலிருந்து அதே கம்மிய குரல் மெதுவாக வந்தது.

"மறக்கலையாம்."

அமலா தட்டைப் பார்த்துக் குனிந்தாள். நிமிரவே இல்லை.