கடைசி வண்டியின் மழை

முகாம் முழுவதற்கும் பெய்த மழை பிச்சைக்கண்ணுவின் பந்தலில்தான் விழுந்தது. மற்ற வண்டிவீடுகளில் எல்லாம் மழைதள்ளி வைத்திருந்தார்கள். வரிசையின் கடைசி வண்டிக்காரரான அவர் ஒருவர்தான் வைக்கவில்லை.

கடல் ஊருக்குள் வந்த பிறகு அந்தக் கரைக்காரர்களுக்குச் சக்கரம் வைத்த வீடுதான் என்று ஆகிவிட்டது. தண்ணீர் நெருங்கினால் டிராக்டரில் மாட்டி மேட்டுக்கு இழுத்துப் போக வேண்டும். உள்ளே தகரச் சூட்டில் மனுசன் இருக்க முடியாது. வண்டியின் பக்கவாட்டில் சுருட்டி வைத்திருக்கும் துணிப் பந்தலை இழுத்து விரித்து, அதன் கீழேதான் சமையல், சாப்பாடு, படுக்கை எல்லாம். பிச்சைக்கண்ணுவுக்கு இன்னொன்றும் இருந்தது. பக்கவாதம் வந்த மனைவி தங்கபுஷ்பத்தின் சக்கர நாற்காலி வண்டி வாசலுக்குள் நுழையாது. பந்தல்தான் அவளுக்கு வீடு. பந்தல் போனால் அவள் மழையில் கிடக்க வேண்டியதுதான்.

மழைதள்ளி என்பது பந்தலின் நான்கு முனையிலும் நடுகிற முழங்கை உயரக் குழல். உறுமிக்கொண்டே இருக்கும். மேலே வருகிற மழையையும் காற்றையும் துணியில் படவிடாமல் பக்கத்தில் தள்ளிவிடும். விற்க வந்தவன் அப்படித்தான் சொன்னான். பக்கத்தில் என்றால் எங்கே என்று பிச்சைக்கண்ணு கேட்டார். வெளியே என்றான். வெளியே என்றால் எவன் தலையில் என்று கேட்டதற்கு, பெரியவர் தமாஷாகப் பேசுகிறார் என்று சிரித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனான்.

முதலில் வாங்கியவன் பக்கத்து வண்டி ஞானதிரவியம். நல்லவன்தான், தன் பந்தலுக்கு. அவனுக்கு விழ வேண்டிய மழை இரண்டு பக்கமும் போய் விழுந்தது. மறுபக்கத்துக்காரன் நனைந்தான், அவனும் வாங்கினான். அவன் தள்ளியதில் அதற்கடுத்தவன் நனைந்தான். சொறி பரவுவது போல் பரவியது. சுற்றியிருந்த உப்பளக்காரர்கள் அம்பாரத்து உப்பு கரையாமல் இருக்க வேலி நெடுக ஆளுயரக் குழல்களை நட்டார்கள். மழை குழல் இல்லாத இடமாகத் தேடிக்கொண்டு வந்தது.

பிச்சைக்கண்ணு பந்தலின் ஒரு காலை இறக்கி, துணியில் தண்ணீர் தேங்காமல் சரியவிட்டார். கயிறுகளை இரட்டையாக இழுத்துக் கட்டினார். சரிந்த தண்ணீர் போக உப்பளத்து ஓடை வரைக்கும் பள்ளம் வெட்டினார். அத்தனை பேர் மழையும் அந்தப் பள்ளத்தில்தான் போயிற்று. ஒருவனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒருநாள் பள்ளம் நிரம்பி ஞானதிரவியத்தின் வாசலில் வழிந்தது. அன்றைக்கு வந்தான்.

“அண்ணாச்சி, ஒங்க கூரைத் தண்ணி எங்க எடத்துல விழுது. அது மொறை கெடையாது.”

“எங்க தண்ணியா வே? ஒம்ம மழையையும் சேத்துல்லா நான் இத்தன நாளா வாங்கிக்கிட்டு இருக்கேன்.”

கூரைத் தண்ணீர் அடுத்தவன் மனையில் விழக்கூடாது என்பது ஊர் இருந்த காலத்துச் சட்டம். ஊரைக் கடலிடம் விட்டுவிட்டுச் சட்டத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மேலே தள்ளினால் குற்றமில்லை, கீழே வழிந்தால்தான் குற்றம். கூட்டம் கூடிப் பேசி, கடைசி வண்டிக்கும் ஒரு மழைதள்ளி வாங்கிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். தர்மம் பண்ணுகிற முகத்தோடு கொண்டுவந்து வைத்தார்கள். வேண்டாம் என்றுதான் பிச்சைக்கண்ணு சொல்ல வாயெடுத்தார். முந்தின மழையில் நனைந்த தங்கபுஷ்பம் சளி கட்டி மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு குழல்களை நட்டார். நாற்காலிச் சக்கரம் இறங்கிவிடுகிறதே என்று பள்ளத்தையும் மூடினார்.

ஐப்பசியில் மழை வந்தது. வந்ததே தவிர, இறங்கவில்லை.

ஒரு குழல் தள்ளிய தண்ணீரை அடுத்த குழல் திருப்பித் தள்ளியது. போக்கிடம் இல்லாத மழை பனைமர உயரத்தில் நின்று சேர்ந்தது. ஒரு சொட்டு கீழே வரவில்லை. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கை தட்டின. ஞானதிரவியம் படம் எடுத்தான். மழை விட்ட பிறகும் தலைக்கு மேலே ஒரு கண்மாய்த் தண்ணீர் அப்படியே நின்றது. வெயில் அதற்குள் புகுந்து பாசி நிறத்தில் இறங்கியது.

அதற்கப்புறம்தான் உறைத்தது. எவன் முதலில் அணைக்கிறானோ, அத்தனையும் அவன் தலையில்.

கடல் உப்பளத்தைத் தொட்டுவிட்டது என்று டிராக்டர் வந்தது. வண்டியை இழுக்கப் பந்தலைச் சுருட்ட வேண்டும். சுருட்ட வேண்டுமானால் குழலை அணைக்க வேண்டும். ஓட்டுநர் ஒருமுறை மேலே பார்த்தார். வந்த தடத்திலேயே பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார். விற்றவனுக்குப் போன் போட்டார்கள். இயந்திரம் சொன்ன வேலையைச் செய்கிறது, இதில் என்ன புகார் என்றான். அதற்குப் பிறகு அவனவன் தன் குழலடியில் காவல் உட்கார்ந்தான். பக்கத்து வண்டிக்காரன் வந்து அணைத்துவிடுவானோ என்று பயம்.

கடைசியில் கூட்டமாகப் பிச்சைக்கண்ணுவிடம் வந்தார்கள். ஞானதிரவியம்தான் பேசினான்.

“நீங்க ஒருத்தர் அணைச்சாப் போதும் அண்ணாச்சி. ஒங்களுக்குப் பழகுன தண்ணிதான.”

“பந்தல் போனாப் போகுது, பள்ளத்தைத் தோண்டிட்டு அணைக்கேன். இவளை மட்டும் ஒம்ம பந்தலுக்குள்ள வச்சிக்கிடும்.”

ஞானதிரவியம் நாற்காலியைப் பார்த்தான். வந்தவள் வந்தவள்தான், பந்தல் போன பிறகு எங்கே திரும்பிப் போவாள் என்று அவன் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

“எங்க பக்கம் எடம் கொஞ்சம் நெருக்கம்,” என்றான்.

பிச்சைக்கண்ணு மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் கலைந்துபோய் அவரவர் குழலடியில் உட்கார்ந்தார்கள். அவரும் தன் குழலடியில் உட்கார்ந்து சுவிட்சைக் கையால் பொத்திக்கொண்டார்.

உப்பளப் பக்கமிருந்து கடல் மெதுவாக ஊர்ந்து வந்து வண்டிச் சக்கரங்களை நனைத்தது. தரையோடு வருகிற தண்ணீரை மழைதள்ளிக்குத் தெரியாது.

“மழை விட்டுட்டா?” என்று தங்கபுஷ்பம் கேட்டாள்.

“விட்டாச்சு.”

“பொறவு பந்தலைச் சுருட்ட வேண்டியதுதான. காலடியில தண்ணி வருதே.”

“சுருட்டணும்,” என்றார் பிச்சைக்கண்ணு. “எவன் மொதல்ல சுருட்டுதான்னு பாத்துக்கிட்டு இருக்கோம்.”