முனியாண்டி காணாமல் போன காலை

சன்னாசி, கொசு கடித்தாலும் அது எந்த ஜன்னல் வழியாக வந்தது என்று தெரிந்துகொண்டுதான் சொறிவார். மலேசியாவின் ஈப்போ நகரில் அவருக்குத் துப்பறிவாளர் என்று பெயர். அவருடைய காரோட்டி ரூபனுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழைய ரப்பர் தோட்டங்களைச் சுற்றிக் காட்டி, மரபைக் காக்கச் சொல்லும் ஷாமினி அன்று காலை மூச்சிரைக்க வந்தாள்.

"அங்கிள், கோலா கங்சார் தோட்டத்துக் கோயில்ல முனியாண்டி கல்லக் காணோம்! அதுல வெட்டியிருக்கிற வருசம்தான், நிலம் வாங்குனவனுக்கு முந்தியே கோயில் இருந்துச்சுங்கிறதுக்கு ஒரே சாட்சி. போட்டோ செல்லாதாம். மத்தியானம் அதிகாரி வாராரு. கல்லு இல்லன்னா புல்டோசர்தான்லா."

"நிலம் வாங்குனவன்தான் அண்ணே!" காரை எடுக்கும் முன்பே ரூபன் தீர்ப்புச் சொன்னான்.

கோயிலில் சேற்றுச் செருப்புத் தடம் வாசலோடு நின்றது. உள்ளே வெறுங்கால் தடம். காலிப் பீடத்தில் சூடம் எரிந்த கரி. கூடியவர்கள் எல்லாரும் அந்தக் காலிப் பீடத்தையே கும்பிட்டார்கள். ரூபனும் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கோயில் தலைவர் தர்மா மட்டும் தன் துருப்பிடித்த வேனிலிருந்து இறங்கி, திரும்பி வேனைக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

"பிரேக் சரியில்ல போல," என்றான் ரூபன்.

சன்னாசி எல்லாரையும் ரப்பர் மரத்தடிக்கு அழைத்தார்.

"எடுத்தவன் செருப்பக் கழட்டி, சூடம் காட்டி, உத்தரவு கேட்டுத் தூக்கியிருக்கான். புல்டோசர்காரன் சூடம் காட்டுவானா? கோயில் ஆளுதான். நீங்க எல்லாம் சாமி இல்லாத பீடத்தக் கும்பிட்டீங்க. சாமி எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஒருத்தர் வேனைக் கும்பிட்டார். தர்மா அண்ணே, கதவத் திறங்க."

உள்ளே பட்டுத்துணிக்குள் முனியாண்டி, குளியலறை ஓடு மாதிரி மின்னினார்.

"அதிகாரி வாராருன்னு மெஷின் போட்டுத் தேய்ச்சேன்மா," என்றார் தர்மா. "மரபை நாமதான் நல்லா வச்சுக்கணும்னு நீதானே மேடையில சொன்ன? வந்து பார்த்தா நீ வருசத்தச் சொல்லி அழுற. சொல்ல வாய் வரல."

ஷாமினி கல்லைத் தடவினாள். கை வழுக்கியது.

அதற்குள் அதிகாரியின் ஜீப் வந்துவிட்டது. அவர் கல்லை மெச்சித் தட்டிக்கொடுத்து, புதிதாக வாங்கியதா என்று மலாய் மொழியில் கேட்டார்.

கல்லில் எல்லார் முகமும் தெளிவாகத் தெரிந்தது. வருடம் மட்டும் தெரியவில்லை.