ஒரு வாய்ச் சோறு

கைபேசியைப் பிடுங்கினால் அஸ்வினி அழுவாள். தரையில் உருண்டு, மூச்சை அடக்கி, தெருமுனைவரை கேட்கும்படி அலறுவாள். அந்தச் சனிக்கிழமை மதியம் அவள் அழவில்லை. வெளிச்சம் பறிபோனதே தெரியாதவள் போல வெறுங்காற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

முத்துமீனாவுக்கு அது உறைக்கவில்லை. அவளுடைய ஆத்திரம் முழுவதும் கணவன்மேல் இருந்தது.

“டாக்டரு அம்புட்டுச் சொன்னாங்கள்ல? ரெண்டரை வயசாச்சு, இன்னும் அம்மான்னு ஒரு வார்த்தை வரல. கண்ணு வறண்டு போயிக் கெடக்கு. நான் அந்தப் பக்கம் போனதும் திரும்பவும் கையில குடுத்துட்டீங்க!”

“கார்ட்டூன் ஓடுனாத்தான் வாயவே தொறக்குறா. பிள்ளையப் பட்டினி போடச் சொல்றியா?” என்றான் பாண்டியராஜன். “ஊரு பூரா குடுக்குறான். ஒம்பிள்ளைய மட்டும் என்ன கண்ணாடியிலயா செஞ்சிருக்கு?”

“ஒங்களுக்குத் தொந்தரவு இல்லாம இருக்கணும். அதுக்குத்தான இது?”

“இம்புட்டுப் பேசுறவ நீயே ஊட்டு. போன் இல்லாம ஒரு வாய் தின்னுட்டா மீசைய எடுத்துக்கிறேன்.”

அவன் உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். அவள் கைபேசியை அணைத்துப் பீரோவில் பூட்டினாள். இன்று இந்தப் பிள்ளை தன் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டே ஆக வேண்டும். பற்களைக் கடித்துக்கொண்டு பருப்புச் சோற்றைப் பிசைந்தாள்.

பராமரிப்புக்காகக் காலையிலேயே மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். கீழக்குயில்குடிச் சாலையில் புதிதாக முளைத்த வீடுகளின் மோட்டார்களும் மிக்ஸிகளும் ஒருசேர ஊமையாகிவிட, சமணர் மலைக்கு மேல் திரண்ட மேகம் சன்னல் வெளிச்சத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டிருக்க, நெய்யும் பெருங்காயமும் மழைக்கு முந்தைய மண்வாசனையும் ஓடாத மின்விசிறிக்குக் கீழே புழுங்கித் தேங்கி நின்றன. அந்த அரையிருளில் குழந்தையின் முகம் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

நன்றாகவே தெரிந்தது. கன்னங்களில் நீலம் பூத்த வெளிச்சம் படிந்திருந்தது. படங்கள் மாறும்போது மாறுவதைப் போல அது மங்குவதும் பளிச்சிடுவதுமாக இருந்தது. முத்துமீனா திரும்பிப் பார்த்தாள். பின்னால் வெறும் சுவர். பீரோ பூட்டியபடியே இருந்தது.

“அஸ்வினி, அம்மாவப் பாரு. ஆ காட்டு.”

இமை அசையவில்லை. குழந்தையின் கட்டைவிரல் எழுந்து, எதிரே கிடந்த கரடிப் பொம்மையை நோக்கிக் காற்றில் மேலே தள்ளியது. பிடிக்காத படத்தைத் தள்ளிவிடும் அதே அசைவு.

கரடி இல்லை.

அது கிடந்த இடத்தில் ஒரு மஞ்சள் வாத்து உட்கார்ந்திருந்தது. அப்படியொரு வாத்து அந்த வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை.

“என்னங்க…” என்றாள். “என்னங்க, இங்க வாங்களேன்!”

உள்ளேயிருந்து சிரிப்பு. “என்ன, தோத்துட்டியா?”

விரல் மறுபடி தள்ளியது. வாத்து போய் ஒரு சிவப்புக் கார் வந்தது. மறுபடி. கார் போனது. குழந்தைக்கு எதுவும் பிடிக்கவில்லை. சலிப்போடு தலையைத் திருப்பியது.

அவளைப் பார்த்தது.

எத்தனை மாதங்களாக ஏங்கிய பார்வை அது! ஒரு கணம் முத்துமீனாவின் அச்சம் கரைந்தது. கண்கள் நிறைந்தன. “ஆமாடி தங்கம், அம்மாதான். சொல்லு, அம்மா…”

குழந்தை அவளை மேலும் கீழும் பார்த்தது. அதே சலிப்பு. கட்டைவிரல் நீண்டு அவள் மோவாயைத் தொட்டது. கண்ணாடியின் குளிர்ச்சி.

மேலே தள்ளியது.

வலிக்கவில்லை. உதடு வழுக்கியது. மூக்கு வழுக்கியது. நெற்றியைக் கடந்து எதுவோ போய்விட்டது.

சோற்றை ஏந்திய கையைப் பார்த்தாள். வழவழப்பான, ரோஜா நிறக் கை. கோடுகள் இல்லை. நகங்கள் இல்லை. அவளுடைய கை இல்லை.

உள்ளறை வாசற்படியில் பாண்டியராஜன் வந்து நின்றான்.

“யாரும்மா நீ? எப்படி உள்ள வந்த? முத்துமீனா! ஏய் முத்துமீனா!”

நீங்கதான், நீங்க போனக் குடுத்ததாலதான் இம்புட்டும் என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும். அலறினாள்.

வந்தது கிலுகிலுப்பான சிரிப்பு. பின்னாலேயே கார்ட்டூன் பாட்டு. நிறுத்த முடியவில்லை. தலை தானாக இடமும் வலமும் ஆடியது.

அஸ்வினி வாயைத் திறந்தாள். அந்த ரோஜா நிறக் கை அவளுக்குச் சோறு ஊட்டியது. மென்றுகொண்டே, இமைக்காத கண்களை வாசற்படிப் பக்கம் திருப்பினாள்.

கட்டைவிரல் எழுந்தது.