வாடகைக்கு எடுத்த பிஸ்டல்

புதன்கிழமை காலை ஹாய்ட் மெரிவெதரின் சுடுதளத்தில், பாதுகாப்பு வகுப்பு நடத்தும் அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். கரும்பலகைக்குக் கீழே, ஆசிரியர் நாற்காலியில், தளத்தின் சொந்தக்காரர் ஹாய்ட். அவருக்கு இடப்பக்கம், காப்பி இயந்திரத்தை ஒட்டி, வெண்டெல் ஸ்ட்ரௌட். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், தளத்தின் மிகப் பழைய வாடிக்கையாளர். கதவோரம், மேல்கோட்டைக் கழற்றாமலே, லொரேனா எச்செவெரி. வாடகைக்கு விடும் துப்பாக்கிகளைப் பிரித்துத் துடைத்துப் பழுது பார்ப்பது அவள் வேலை. அவளுக்கு எதிரில் ஓய்வு பெற்ற பல் டாக்டர் க்ளைட் பெண்டில்டன், மடியில் குறிப்பேட்டுடன். கடைசி வரிசையில், வெப்பக்குழாயின் அருகே, வெர்னா ஹால்வோர்சன்.

இருந்திருக்க வேண்டிய ஆறாவது ஆள், டோபின் என்பவர், பாய்சி நகர ஆஸ்பத்திரியில் வலது கையில் கட்டுடன் படுத்திருந்தார்.

இந்த விவகாரம் வெர்னாவிடம் வந்து சேர்ந்தது அதற்கு முந்தைய நாள். காப்பீட்டுக் கம்பெனியில் விபத்துகளை மதிப்பிட்டே தலை நரைத்த பெண்மணி அவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் எது இடிந்தாலும் எரிந்தாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பக்கத்து வீட்டு க்ளைட், கதவு தட்டும் சத்தம் கேட்டாலே வேலியைத் தாண்டி வந்துவிடுவார். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் வந்தார்.

வந்திருந்த லொரேனா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். மான் வேட்டைப் பருவம் தொடங்கப்போவதால் சனிக்கிழமை தளத்தில் நல்ல கூட்டம். மாலையில் கூட்டம் கலைந்து, உள்ளரங்கில் நான்கே பேர் மிஞ்சினார்கள். நின்று சுடும் தடங்களில் மூன்றாவதில் டோபின். உருளைக்கிழங்கு ஆலையில் புதிதாகச் சேர்ந்தவர், வாடகைப் பிஸ்டல். நான்காம் தடத்தில் வெண்டெல், அதே அளவுத் தோட்டா போடும் தன் சொந்தப் பிஸ்டலுடன். ஆறாம் தடத்தில் வெளியூரிலிருந்து வந்த புதுமணத் தம்பதி, அவர்களும் வாடகைக்கு எடுத்தவர்கள். திடீரென்று டோபின் கையிலிருந்த பிஸ்டலின் பிடி வெடித்துச் சிதறியது. உள்ளங்கை கிழிந்து இரண்டு விரல்கள் ஒடிந்தன. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

வெண்டெல்தான் முதலில் ஓடி, பிஸ்டலை வாங்கி, அதன் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து உள்ளே இருந்ததை வெளியே தள்ளிக் காலி செய்து கீழே வைத்தார். அனுபவம் உள்ள யாரும் அதைத்தான் செய்வார்கள். முதலுதவிப் பெட்டியுடன் ஓடிய லொரேனா டோபினின் அருகே தரையில் மண்டியிட்டாள்.

"இப்ப ஹாய்ட் என்ன சொல்றார்னா, துப்பாக்கி தேஞ்சு போயிருந்துச்சாம், நான் சரியாப் பாக்கலையாம். வெடிச்ச தோட்டாவோட பித்தளைக் காலிக்கூடு எங்கயும் இல்ல. அதப் பாத்தா தப்பு யார் மேலன்னு தெரிஞ்சிடும், அதனால நான் எடுத்து ஒளிச்சிட்டேனாம். நான் தரையில கை வச்சத அவர் பாத்தாராம். நான் எடுத்தது அந்த ஆளோட கண்ணாடிய."

அந்தப் பிஸ்டலை வெள்ளிக்கிழமைதான் பிரித்துப் பார்த்ததாகவும், ஒரு சுருள்வில்லில்கூடத் தளர்ச்சி இல்லை என்றும் சொன்னாள். புதன்கிழமைத் தபாலில் ஹாய்ட் காப்பீட்டுக் கம்பெனிக்குக் காரணம் எழுதியாக வேண்டும். அதில் தன் பெயர் போனால், இந்த மாநிலத்தில் இனி எவனும் தன் கையில் ஒரு திருகாணியைக்கூடத் தரமாட்டான் என்றாள்.

"வேற வேலை தெரியுமா?" என்று கேட்டார் வெர்னா.

"தெரியாது. தெரிஞ்சுக்கவும் ஆசை இல்ல."

அன்று மதியமே வெர்னாவும் க்ளைடும் தளத்துக்குப் போனார்கள். சனிக்கிழமை மாலையிலிருந்து உள்ளரங்கு பூட்டியே இருந்ததாகவும், விளக்குமாறுகூட உள்ளே போகவில்லை என்றும் ஹாய்ட் சொன்னார். அவர் கெட்ட மனிதர் அல்ல, பயந்திருந்தார்.

"சொந்தத் துப்பாக்கிய எடுத்துட்டு வந்தான்னா, வெடிச்சாலும் புகைஞ்சாலும் அது அவன் பாடு. வாடகைத் துப்பாக்கின்னா என் தலையில விடியும். அதுக்குத்தானே இவ்வளவு விதி வச்சிருக்கேன்?"

விதிகளை அவர் விரல் மடக்கிச் சொன்னார். வாடகைத் துப்பாக்கியில் தளத்துக் கடையில் விற்கும் புதுத் தோட்டா மட்டுமே போட வேண்டும். வாடகைக்காரர் சுட்ட காலிக்கூடுகள் தளத்துக்குச் சொந்தம். அவற்றைப் பழைய பித்தளையாக விற்பார். சொந்தத் துப்பாக்கிக்காரர் எந்தத் தோட்டாவையும் போடலாம், தன் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டும் போகலாம். சொந்தத் துப்பாக்கி இல்லாமல் தனியாக வருகிறவருக்கு வாடகைக்குக் கிடையாது, கூட ஒருவர் வர வேண்டும். இந்தக் கடைசி விதி ஏன் என்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. தனியாகப் போய்த் தன்னையே சுட்டுக்கொண்ட ஒருவரையாவது எல்லோருக்கும் தெரியும்.

டோபின் தனியாகத்தானே வந்தார் என்று வெர்னா கேட்டார். ஆமாம், திருப்பி அனுப்ப இருந்தபோது வெண்டெல் பின்னாலிருந்து, "நம்ம கூட வந்தவர்னு போட்டுக்கோ ஹாய்ட்" என்றாராம். அறிமுகம் இல்லாதவருக்காக அப்படிச் சொல்லக்கூடியவர்தான் அவர். டோபின் கடையில் ஒரு பெட்டித் தோட்டா வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசியபோதும் அதையே சொன்னார்: கடைத் தோட்டாதான் வாங்கினேன், வேறு எதுவும் கொண்டுவரவில்லை.

க்ளைட் கைவிளக்குடன் தரையில் தவழ்ந்தார். மூன்றாம் தடத்து மேசையில் டோபினின் காதுமூடியும் ஆறிப்போன காப்பியும் அப்படியே இருந்தன. இலக்குத் தாளில் நாலாபக்கமும் துளைகள். தரை பளிச்சென்று இருந்தது, இரத்தக் கறையைத் தவிர. நான்காம் தடத்து மேசையில் ஒன்றும் இல்லை, வெண்டெல் தன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருந்தார். தரையில் காலிக்கூடுகள் உருண்டு கிடந்தன. ஆறாம் தடத்திலும் அப்படியே. க்ளைட் ஒவ்வொரு கூடாகப் பார்த்து, வெடித்தது இவற்றில் இல்லை என்று எழுந்தார். அவருடைய முழங்கால் இரண்டும் கறுத்திருந்தன.

"புதுமணத் தம்பதி மேலதான் எனக்கு சந்தேகம். தேனிலவுக்கு வந்தவங்க எதுக்கு சுடுற எடத்துக்கு வரணும்?"

"உங்க தேனிலவுக்கு எங்க போனீங்க டாக்டர்?"

"பல் மருத்துவ மாநாட்டுக்கு," என்றார் க்ளைட், கொஞ்சம் தயங்கி.

வெர்னா நான்காம் தடத்திலிருந்து ஒரு பிடியும் ஆறாம் தடத்திலிருந்து ஒரு பிடியும் காலிக்கூடுகளை எடுத்து, அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே கம்பெனியின் முத்திரை. பிறகு லொரேனாவிடம் இரண்டே கேள்விகள் கேட்டார். டோபினின் மேகசினில் தோட்டாக்களை அடுக்கியது யார்? வெண்டெல்தான். அதன் சுருள்வில்லை அழுத்தி அழுத்திப் புதியவருக்குக் கட்டைவிரல் வலித்தது. பக்கத்தில் நிற்கிறவர் உதவுவது வழக்கம். வெண்டெல் எப்போதாவது தளத்துக் கூடுகளை எடுத்துப் போவாரா?

லொரேனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரா? வாடகைத் தடத்துக் கூடு உருண்டு அவர் கால்கிட்ட வந்தாக்கூட, காலால தள்ளித் திருப்பி விடுவார். தன்னோடத மட்டும் ஒண்ணு விடாம பொறுக்குவார். வீட்டுல அதுல மறுபடி வெடிமருந்து கம்மியா நிரப்பி, உதை இல்லாத மெதுவான தோட்டாவா செஞ்சுக்குவார். குழந்தகூட சுடலாம்னு பெருமை பேசுவார்."

புதன்கிழமை காலை எல்லோரையும் வரச்சொன்னது அதற்குப் பிறகுதான்.

வெர்னா எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, பழைய கோப்பை வாசிப்பவரைப் போலப் பேசினார். காலிக்கூடு ஒன்று காணவில்லை என்று எல்லோரும் தேடினோம், ஆனால் காணாமல் போனது ஒன்றல்ல என்றார். மூன்றாம் தடத்தில் ஒரு கூடுகூட இல்லை. லொரேனா ஒளிக்க நினைத்திருந்தால், வெடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டிருப்பாள். கையில் இரத்தம் வழியும் மனிதனின் பக்கத்தில் உட்கார்ந்து தரை முழுக்கப் பொறுக்கியிருக்க முடியாது.

"அப்ப யார்தான் பொறுக்கினது?" என்றார் ஹாய்ட்.

"வாடகைக்காரன் பொறுக்கமாட்டான், அவனுக்கு அது குப்பை. சொந்தத் துப்பாக்கிக்காரர் பொறுக்குவார். இங்க பாத்தா தலைகீழா இருக்கு. வாடகைக்காரர் நின்ன எடம் சுத்தம். சொந்தத் துப்பாக்கிக்காரர் நின்ன எடத்துல குப்பை."

வெண்டெல் பதறிப்போய் அன்று தன் கூடுகளைப் பொறுக்க மறந்திருக்கலாமே என்று க்ளைட் குறுக்கிட்டார். முதலில் தானும் அப்படித்தான் நினைத்ததாக வெர்னா ஒப்புக்கொண்டார். ஆனால் நான்காம் தடத்தில் கிடந்தவை வெண்டெலின் கூடுகள் அல்ல. பல வருடம் பொறுக்கிச் சேர்த்தவற்றில் பல கம்பெனி முத்திரைகள் கலந்திருக்கும். கிடந்தவை எல்லாம் ஒரே முத்திரை, ஹாய்ட் கடையில் விற்கும் முத்திரை. ஆக வெண்டெல் சுட்டது கடைத் தோட்டா. டோபினின் மேசையில் தோட்டாப் பெட்டியும் இல்லை, அப்படியானால் அவர் வாங்கிய பெட்டியை வெண்டெல் சுட்டிருக்கிறார். டோபின் எதைச் சுட்டார்?

வெண்டெலின் அருகே காப்பி இயந்திரம் கொப்பளித்தது.

"தன்னோட கூடு எங்க விழுந்தாலும் தன்னோடதுதானே," என்றார் வெர்னா. "அதனால மூணாம் தடத்துல விழ விழ நீங்க பொறுக்கிட்டே இருந்திருக்கீங்க, வெண்டெல். உங்க காலடியில கெடந்தது ஹாய்ட்டோடது, அதத் தொடல. நீங்க குனிஞ்சு பொறுக்கறத இத்தன வருஷமாப் பாத்துப் பாத்து யார் கண்ணுலயும் அது படல."

வெண்டெல் சட்டைப் பையிலிருந்து ஒரு காலிக்கூட்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு பக்கம் கிழிந்து, வாய் பிளந்திருந்தது.

அவர் சொன்னதை க்ளைட் எழுதிக்கொண்டார். கடைத் தோட்டாவின் உதை டோபினுக்குத் தாங்கவில்லை. இரண்டே குண்டுகளுக்குப் பிறகு போதும் என்று துப்பாக்கியை வைத்துவிட்டார். அந்த இரண்டு கூடுகளையும், தன்னுடையவற்றோடு கலந்துவிடாமல், வெண்டெல் காலால் நான்காம் தடத்துக்குத் தள்ளிவிட்டார். முதல் தடவை வந்தவர் அப்படித் திரும்பிப் போகக் கூடாது என்று வெண்டெலுக்குத் தோன்றியது. டோபினின் பெட்டியைத் தான் எடுத்துக்கொண்டு, தன்னுடைய மெதுவான தோட்டாக்களை மேகசினில் நிரப்பிக் கொடுத்தார். அந்த மனிதருக்கு வித்தியாசம் தெரியாது. மேகசினில் இருந்ததைச் சுட்டார்; வெடித்தது அதன் கடைசித் தோட்டா. வெடித்ததும் துப்பாக்கியைக் காலி செய்தபோது விழுந்த கூட்டை, பழக்கத்தில் தன் பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் பையைக் கொட்டியபோதுதான் தெரிந்தது.

"மருந்து கம்மியாப் போட்டா கூட்டுக்குள்ள பாதிகூட நிறையாது," என்றார் வெர்னா. "ஒரே கூட்டுல ரெண்டு தடவ விழுந்திருந்தாலும் வெளிய வழியாது, கண்ணுக்குத் தெரியாது. சுட்டாத்தான் கூடு கிழிஞ்சு வெடிக்கும்."

"மருந்து போட்டுட்டு இருக்கறப்ப பேத்தி போன் பண்ணினா. பேசிட்டு வந்து விட்ட எடத்துல தொடங்கினேன்னுதான் நெனச்சேன்." வெண்டெல் குரல் தாழ்ந்தது. "நல்லது செய்யப் போறோம்னுதான் நெனச்சேன் வெர்னா."

"அது சனிக்கிழமைக் கதை. ஞாயித்துக்கிழமையில இருந்து?"

வெண்டெல் லொரேனாவின் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தார்.

ஹாய்ட் எழுந்து லொரேனாவின் அருகே போனார். மன்னிப்புக் கேட்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. ஏதோ முணுமுணுத்தார்; திங்கட்கிழமை வேலைக்கு வா, பட்டறைச் சாவி உன்னிடமே இருக்கும் என்பது மட்டும் மற்றவர்களுக்குக் கேட்டது.

"துப்பாக்கி வெடிச்சதும் நீங்க துப்பாக்கியப் பாக்கல, என்னத்தான் பாத்தீங்க," என்றாள் லொரேனா. ஹாய்ட் தலையாட்டினார்.

தபால் வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. காப்பீட்டுக் கம்பெனிக்கு நீங்களே எழுதுங்கள், நான் எழுதினால் அது என் கதையாகிவிடும் என்று வெர்னா வெண்டெலிடம் சொன்னார். ஹாய்ட் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார். வெண்டெல் பேருந்துப் பிள்ளைகளுக்கு வாழ்த்து அட்டை எழுதும் அதே உருண்டை எழுத்தில் ஒரு பக்கம் எழுதினார். நேர்மையாகவே எழுதினார்: தோட்டா என்னுடையது, மருந்து நிரப்பியது நான், விதி தெரிந்தும் மீறியது நான், கூட்டை எடுத்து வைத்துக்கொண்டதும் நான். சுடுதளத்தின் துப்பாக்கியில் எந்தக் குறையும் இல்லை.

ஹாய்ட் படித்துவிட்டுச் சரி என்றார். க்ளைட் படித்துவிட்டு ஒரு காற்புள்ளியைத் திருத்தினார். வெர்னா படிக்காமலே தாளை லொரேனாவிடம் நீட்டினார்.

அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு மேசையில் வைத்துக் கடைசி வரியை விரலால் தொட்டாள்.

"இதுல என் பேரு இல்ல."

உன் மீது பழி வரக்கூடாதென்றுதான் விட்டுவிட்டேன் என்றார் வெண்டெல்.

"ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல, திங்கக்கிழமை கடையில, நேத்து என் பொண்ணு பள்ளிக்கூடத்துல. எல்லா எடத்துலயும் என் பேரத்தான் சொன்னாங்க. இதுலயும் சொல்லுங்க."

வெண்டெல் பேனாவை எடுத்தார். கடைசி வரியின் கீழே, மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் பெரிதாக, இந்தத் துப்பாக்கியைப் பராமரித்தவர் லொரேனா எச்செவெரி, அவர் வேலையில் ஒரு குறையும் இருந்ததில்லை, அதை அறிந்தும் நான் பேசாமல் இருந்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வெளியே தபால் வண்டியின் ஒலிப்பான் கேட்டது. தாளை மடித்து உறையில் போட்டு, நாக்கால் நனைத்து, கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தி ஒட்டினார் வெண்டெல். தபால்காரியிடம் தானே நடந்து போய்க் கொடுத்தார். அவள் அதை மற்ற கடிதங்களோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.