முயல்காது முடிச்சு

கரண்ட் போய், ஃபேன் முனகிக்கொண்டே கடைசிச் சுற்றை முடித்து, ஜன்னல் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம் மட்டும் மிஞ்சிய அந்தச் சாயங்காலத்தில், பினாயில் வாசனையைத் தாண்டிக்கொண்டு ஒரு வாடை வந்தபோது, தேவானந்தம் முதலில் தன் அக்குளைத்தான் முகர்ந்து பார்த்தான். அது இல்லை. எச்சில் கலந்து புளித்த சோற்றின் நாற்றம்.

அப்பாவின் நாற்றம்.

அப்பா சுவிசேஷமுத்து ஈஸ்டருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரெல்லாம் பால் கவரைக் கழுவிக் காயவைத்துப் பழைய பேப்பர் கடையில் போடும்; அவரோ அதற்குள் மென்ற சோற்றைத் துப்பி, கவரின் வாயை முயல்காது மாதிரி முடிந்து, "அப்புறம் பசிச்சா?" என்று கட்டிலடியில் அடுக்குவார். அவர் போனபின் குடிவருவதற்காக அவருடைய இந்த சிட்லபாக்கம் வீட்டைச் சுத்தம்செய்த அன்று ஒரு கவர் தேவானந்தத்தின் கையிலேயே வெடித்தது. அன்றிலிருந்து அவன் கை கழுவுகிற கழுவலில் சோப்பே வீட்டைவிட்டு ஓடப் பார்க்கிறது.

"பாதி ரத்தத்துல வரும் சார், மீதி பாத்துப் பழகுறது," என்றிருந்தார் அப்பாவைப் பார்த்த டாக்டர். அந்த மீதியைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். மகள் ஏஞ்சலைத் தாத்தா பக்கமே விட்டதில்லை. பார்க்காதது எப்படி ஒட்டும்?

"ஏஞ்சலுக்கு இது வந்துச்சுன்னா, அன்னிக்கே அவளக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்," என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி ரேஷ்மா இங்கே குடிவந்தாள். இப்போது கேளம்பாக்கம் ஆபீஸிலிருந்து அவள் திரும்புகிற நேரம்.

செல்போன் வெளிச்சத்தில், மூக்கை முன்னால் விட்டுத் தெருநாய் மாதிரி அந்த நாற்றத்தின் பின்னாலேயே போனான். கிச்சன் இல்லை. பாத்ரூம் இல்லை. ஏஞ்சலின் அறை. ஸ்கூல் பை.

ஜிப்பை இழுத்தான்.

புத்தகங்களுக்கு நடுவே பால் கவர்கள். கொழகொழவென்று. ஒன்றில் சோறு மஞ்சளாகிப் புழு நெளிந்தது. ஒன்று இன்னும் சூடாக. எல்லாவற்றிலும் முயல்காது.

"யாருடி சொல்லிக்குடுத்தா?"

கட்டிலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்த ஏஞ்சல் திருதிருவென்று விழித்தாள்.

"இதெல்லாம் உங்களோடது டாடி."

"என்ன?"

"நீங்க டிவி பாத்துக்கிட்டே துப்பி, கட்டி, சோஃபா அடியில வைப்பீங்கல்ல? மம்மி பாத்தா திட்டுவாங்கன்னு நான்தான் எடுத்து ஒளிச்சு வைக்கிறேன்." சூடான கவரைத் தொட்டுக் காட்டினாள். "இது மட்டும் என்னோடது. உங்கள மாதிரியே முடிச்சு வந்துடுச்சு, பாருங்க."

வெளியே கேட் திறந்தது. ரேஷ்மா குடையை உதறுகிற சத்தம்.

இல்லை என்று கத்த வாயைத் திறந்தான். வரவில்லை. கன்னத்துக்குள் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. நாக்கால் தொட்டான். மெத்தென்று. புளிப்பு.

மத்தியானச் சாம்பார் சாதம்.

ஏஞ்சல் ஒரு காலிக் கவரை விரித்து, அவன் தாடைக்கடியில் அக்கறையாகப் பிடித்தாள்.

"சீக்கிரம் டாடி."